அந்த பேட் நிஜமாவே ஆடுச்சா?

"இது மேட்ச்ல ஆடின பேட்"னு ஒருத்தர் சொன்னா, அந்த ஒரு வரிக்குள்ள மூணு கூற்று ஒளிஞ்சிருக்கு. ஒண்ணு, இந்த பேட் அந்த வீரருடையது. ரெண்டு, அவர் இதை வெச்சு நிஜமாவே மேட்ச் ஆடினார். மூணு, அவர் சொல்ற அந்தக் குறிப்பிட்ட இன்னிங்ஸ்ல கையில இருந்தது இதே பேட்தான். விக்கிறவர் மூணையும் ஒரே மூச்சுல சொல்லிடுவார். ஆதாரம் கேட்டா பெரும்பாலும் முதல் கூற்றுக்கு மட்டும் ஏதாவது காட்டுவார். காசு மட்டும் மூணுக்கும் சேர்த்துக் கேட்பார்.

ஐ.பி.எல். சீசன் வந்தாலே நம்ம குரூப்கள்ல இந்த மாதிரி விளம்பரம் ஃபார்வர்ட் ஆக ஆரம்பிக்கும். கண்ணாடி ஃபிரேம், உள்ளே ஒரு பேட், கீழே தங்க எழுத்துல "சான்றிதழ்". விலை சில ஆயிரத்துல தொடங்கி லட்சம் வரைக்கும். அதை எப்படிச் சோதிக்கிறதுன்னு இந்தக் கட்டுரையில பாக்கலாம். பெரிய லேப் எதுவும் வேண்டாம். நம்ம மெட்ராலஜி லேப்ல இருக்கிற வெர்னியர் காலிப்பர், ஒரு எடை மெஷின், போன் கேமரா, நல்ல வெளிச்சம் போதும். முக்கியமா வேண்டியது அவசரப்படாத மனசு.

இதுல எவ்வளவு பணம் புரளுதுன்னு முதல்ல ஒரு கணக்கு. 2011 ஏப்ரல் 2, வான்கடே. குலசேகரா பந்துல தோனி அடிச்ச அந்த சிக்ஸ். அந்த பேட் அதே வருஷம் ஜூலையில லண்டன்ல ஒரு அறக்கட்டளை விருந்துல ஏலம் போச்சு. விலை 1,00,000 பவுண்டு. 2020-ல வங்கதேசத்தின் முஷ்ஃபிகுர் ரஹீம், 2013-ல காலேவில் இரட்டைச் சதம் அடிச்ச பேட்டை கொரோனா நிதிக்காக ஏலம் விட்டார். வங்கதேசத்துக்காக டெஸ்ட்ல அடிக்கப்பட்ட முதல் இரட்டைச் சதம் அது. அந்த ஏலத்துக்குள்ள போலியா விலை கேட்கிறவங்க புகுந்து குழப்பினாங்க. கடைசியில ஷாஹித் அஃப்ரிடியின் அறக்கட்டளை 20,000 டாலருக்கு வாங்கிச்சு. அதே வருஷம் பாகிஸ்தானின் அசார் அலி தன் முச்சத பேட்டை ஏலம் விட, புனேயில இருக்கிற பிளேட்ஸ் ஆஃப் குளோரி கிரிக்கெட் மியூசியம் அதை 10 லட்சம் பாகிஸ்தான் ரூபாய்க்கு எடுத்துச்சு.

இந்த மூணு பேட்டுக்கும் ஒரு ஒற்றுமை இருக்கு. ஆடின வீரரே உயிரோட நின்னு "இது என் பேட், இந்த இன்னிங்ஸ்ல ஆடினேன்"னு தன் கையால கொடுத்தார். நடுவுல யாரும் இல்ல. இதுதான் மிக உயர்ந்த ஆதாரம். நமக்கு வர்ற பேட்கள் இந்த ரகம் இல்ல. வீரருக்கும் நமக்கும் நடுவுல நாலு பேர் இருப்பாங்க, அந்த நாலு பேர்ல ரெண்டு பேருக்குப் பேர் இருக்காது.

மூணு கூற்றையும் ஏன் பிரிச்சுப் பாக்கணும்? அஃப்ரிடி கதையைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1996 அக்டோபர் 4, நைரோபி, இலங்கைக்கு எதிரான மேட்ச். பையன் 37 பந்துல சதம் அடிச்சான். அவன் கையில இருந்தது சச்சினோட பேட். இதே மாதிரி ஒண்ணு சியால்கோட்ல செஞ்சு தரச் சொல்லி சச்சின் வக்கார் யூனிஸ்கிட்ட கொடுத்திருந்தார், வக்கார் அதை அஃப்ரிடிகிட்ட நீட்டிட்டார். இப்ப சொல்லுங்க, அது யாருடைய பேட்? "சச்சினுடையது" என்பது உண்மை. "உலக சாதனை சதம் அடிச்ச பேட்" என்பதும் உண்மை. ஆனா "சச்சின் சதம் அடிச்ச பேட்"னு அதை வெச்சு யாராவது வித்தா அந்தச் சதத்துக்கு அவர் சம்பந்தமே இல்ல. உடைமை வேற, ஆட்டம் வேற.

கையெழுத்துக்கும் இதே கதிதான். பேட் மேல அசல் கையெழுத்து இருந்தா, அந்த வீரர் ஒரு பேனாவோட அந்த மரத்துக்குப் பக்கத்துல ஒரு தடவை நின்னார்னு மட்டும்தான் அர்த்தம். கடையில வாங்கின புது பேட்டை ஹோட்டல் வாசல்ல நீட்டி கையெழுத்து வாங்கலாம், தினமும் நடக்கிற விஷயம். அதுலயும் பாதி அச்சடிச்ச கையெழுத்து. போன் கேமராவை மேக்ரோவில வெச்சுப் பாருங்க. மார்க்கர் மை மரத்தோட ரேகைக்குள்ள கொஞ்சம் கசிஞ்சிருக்கும், கோடு ஒன்னை ஒன்னு வெட்டுற இடத்துல மை அடர்த்தியா இருக்கும். அச்சுன்னா ஒரே சீரான நிறம், இல்லேன்னா புள்ளி புள்ளியா தெரியும்.

இந்தத் துறையை ஒரு ஒழுங்குக்குக் கொண்டு வந்தது நம்ம விளையாட்டு இல்ல, அமெரிக்க பேஸ்பால். அங்க என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சா நமக்கு என்ன இல்லைன்னு புரியும். 1990-களின் கடைசியில சான் டியாகோவைச் சுத்தி எஃப்.பி.ஐ. ஒரு விசாரணை நடத்திச்சு. டோனி க்வின் என்ற பெரிய வீரர், தன் சொந்த டீமோட கடையிலேயே தான் போடாத தன் கையெழுத்து விற்பனைக்கு இருக்கிறதைக் கண்டுபிடிச்சார்! பிடிபட்ட சரக்குல அன்னை தெரசா கையெழுத்து போட்ட பேஸ்பால்கூட இருந்துச்சு. அந்தம்மா எந்த டீமுக்கு ஆடினாங்களோ தெரியல. அதுக்கு அப்புறம் 2001-ல மேஜர் லீக் பேஸ்பால் ஒரு அங்கீகாரத் திட்டத்தைத் தொடங்கிச்சு. ஒவ்வொரு மேட்ச்சுக்கும் ஒருத்தர் மைதானத்துல உட்கார்ந்திருப்பார். போலீஸ் வேலையில இருக்கிறவர், இல்லேன்னா அதிலிருந்து ஓய்வு பெற்றவர். பேட்டோ பந்தோ ஆட்டத்தை விட்டு வெளியே வந்ததும் அவர் கண் முன்னாடியே அதுல எண் போட்ட ஹாலோகிராம் ஒட்டப்படும். எண்ணை டேட்டாபேஸ்ல அடிச்சா எந்த மேட்ச், எந்தப் பந்துன்னு வரும்.

அதுக்கு முந்தின காலத்து பேட்களுக்கு அவங்ககிட்ட இன்னொரு பொக்கிஷம் இருக்கு, தொழிற்சாலைப் பதிவேடு. லூயிவில் ஸ்லக்கர் பேட் செய்யிற கம்பெனி எந்த வீரருக்கு எந்தத் தேதியில எந்த மாடல், என்ன நீளம், என்ன எடைன்னு எழுதி வெச்சிருக்கு. பிடிச்ச பேட் விரிசல் விட்டா, "இதே மாதிரி இன்னொண்ணு"னு வீரர்கள் அதைத் தொழிற்சாலைக்கே திருப்பி அனுப்புவாங்க. அங்க வேலை செய்றவர் அந்த உடைஞ்ச பேட் மேல பேரையும் தேதியையும் பென்சில்ல கிறுக்கி வெப்பார். யாரோ ஒரு தொழிலாளி தன் வேலை வசதிக்காக எழுதின அந்தக் கிறுக்கல்தான் இன்னைக்கு சேகரிக்கிறவங்க தேடி அலையுற ஆதாரம். விக்கணும்னு நினைச்சு எழுதாதது, அதனாலதான் நம்பலாம்.

நாம வாங்கப் போற பழைய கிரிக்கெட் பேட்டுக்கு ஹாலோகிராமும் கிடையாது, திறந்து பாக்கப் பதிவேடும் கிடையாது. அதனால பேட்டையேதான் பேச வைக்கணும்.

முதல்ல மரம். சர்வதேச வீரர்கள் ஆடுறது இங்கிலீஷ் வில்லோ. வெளிர் நிறம், மேலிருந்து கீழே நேரா ஓடுற ரேகைகள். காஷ்மீர் வில்லோ கொஞ்சம் பழுப்பு, அதே அளவுக்கு எடை கூடுதல், ரேகை அவ்வளவு தெளிவா இருக்காது. பெரிய இந்திய வீரர் பேரைச் சொல்லி காஷ்மீர் வில்லோ பேட் வந்தா பேச்சை அங்கயே முடிச்சிடலாம். (விதிவிலக்கு இருக்கு. 2021 டி20 உலகக் கோப்பையில ஓமான் வீரர்கள் காஷ்மீர் வில்லோ வெச்சு ஆடினாங்க. ஆனா உங்களுக்கு ஓமான் பேட்டை யாரும் விக்க வரமாட்டாங்க.)

அடுத்து காலிப்பர் வேலை. 2017 அக்டோபர் 1-ல எம்.சி.சி.யோட புது விதிகள் வந்துச்சு. நீளம் 96.52 செ.மீ., அகலம் 10.8 செ.மீ. என்பது அதுக்கு முன்னாடியே இருந்த வரம்பு. புதுசா வந்தது ரெண்டு: நடுப்பகுதி தடிமன் 6.7 செ.மீ.க்கு மேல போகக் கூடாது, விளிம்பு 4 செ.மீ.க்கு மேல போகக் கூடாது. இது நமக்கு ஒரு தேதி முத்திரை மாதிரி. 2019 உலகக் கோப்பையில ஆடினதுன்னு சொல்ற பேட்டோட விளிம்பு 43 மி.மீ. காட்டினா, அந்த பேட் மேட்ச்சுக்குள்ளயே போயிருக்க முடியாது. அதே 43 மி.மீ. 2014 பேட்டுல இருந்தா தப்பே இல்ல. ஒரே அளவு, வருஷத்தைப் பொறுத்து ஒண்ணு பொய், ஒண்ணு சாத்தியம். அளக்கும்போது ஒரே இடத்துல நிறுத்தாதீங்க, விளிம்பு நெடுக அஞ்சாறு இடத்துல எடுங்க. மேல ஒட்டியிருக்கிற டேப், பிளாஸ்டிக் ஷீட் தடிமனையும் கணக்குல வெச்சுக்கோங்க.

வடிவத்தாலயே வருஷம் சொல்ற பேட்களும் உண்டு. முதுகுல கிராஃபைட் பட்டை ஒட்டின பேட்டை பாண்டிங் கொஞ்ச காலம் ஆடினார். எம்.சி.சி. ஆட்சேபிச்சதால 2006-ல அது வாபஸ் ஆச்சு. அதுக்குப் பிந்தின மேட்ச்சைச் சொல்லி அதை வித்தா சிரிச்சிட்டுப் போயிடலாம். சென்னை ரசிகர்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கிற இன்னொண்ணு மங்கூஸ். நீளக் கைப்பிடி, குட்டை பிளேடு. 2010 ஐ.பி.எல்.ல மேத்யூ ஹேடன் டெல்லிக்கு எதிரா அதை வெச்சு 43 பந்துல 93 அடிச்சார்.

ஸ்டிக்கர் பத்தி ஒரு எச்சரிக்கை. ஸ்டிக்கர் என்பது விளம்பரம், அது பேட் செஞ்சவர் பேர் இல்ல. டயர் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டின பேட்டை மீரட்லயோ வேற எங்கயோ ஒரு தச்சர் செதுக்கியிருப்பார். உரிச்சு ஒட்டுறது ரெண்டு நிமிஷ வேலை. அதனால சரியான ஸ்டிக்கர் இருக்கிறது எதையும் நிரூபிக்காது. ஆனா தப்பான ஸ்டிக்கர் நிறைய சொல்லும். 1996 உலகக் கோப்பையில சச்சின் 523 ரன் அடிச்சது ஸ்டிக்கரே இல்லாத பேட்ல. எம்.ஆர்.எஃப். அதுக்கு அப்புறம்தான் வந்துச்சு. 2011 இறுதிப் போட்டியில தோனி கையில இருந்தது ரீபாக், ஸ்பார்டன் பின்னாடி வந்தது. போலி செய்றவங்க வீரரை நினைச்சதும் மனசுல வர்ற ஸ்டிக்கரை ஒட்டிடுவாங்க. வருஷத்தைப் பாக்க மாட்டாங்க. மாட்டுறது அங்கதான்.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, பந்துத் தழும்பு. டெஸ்ட்டோட சிவப்புப் பந்து பேட் முகத்துல செர்ரிச் சிவப்புல இழுபட்ட கறையை விட்டுட்டுப் போகும். வெள்ளைப் பந்து மங்கலா, வெளுத்த மாதிரி விடும். அசார் அலியோட அந்த 302 நாட் அவுட், 2016-ல துபாய்ல நடந்த பகலிரவு டெஸ்ட். அங்க ஆடினது பிங்க் பந்து. அந்த மாதிரி பேட்ல வெறும் சிவப்புக் கறை மட்டும் இருந்தா கேள்வி எழும்பணும். 1983 உலகக் கோப்பையில வெள்ளைப் பந்தே கிடையாது, உலகக் கோப்பைக்கு அது 1992-லதான் வந்துச்சு.

நிறத்தைவிட முக்கியம் அந்தத் தழும்புகள் எங்க, எப்படி விழுந்திருக்குன்னு பாக்கிறது. நிஜ இன்னிங்ஸ்ல டிரைவ், கட், புல், எட்ஜ், யார்க்கர் எல்லாம் வரும். அதனால தழும்பு சிதறிக் கிடக்கும், பல கோணத்துல இழுபட்டிருக்கும், அங்கங்க தையல் ஓடின தடம் பதிஞ்சிருக்கும். பழைய பந்தை சாக்ஸுக்குள்ள போட்டுக் கட்டித் தொங்கவிட்டு அடிச்சா எல்லாம் நடுவுல ஒரே இடத்துல, நேர்க்குத்தா, வட்ட வட்டமா விழும். குழி குழியா சின்னப் புள்ளிகள் தெரிஞ்சா அது பௌலிங் மெஷின் பந்து, வலைப்பயிற்சி அடையாளம். அதனால போலின்னு ஆகாது, வீரர்கள் ஒரே பேட்டை வலையிலயும் மேட்ச்சுலயும் ஆடுவாங்க. இன்னொரு சின்ன சோதனை: பேட்டை கைப்பிடி மேல இருக்கிற மாதிரி, முகம் உங்களைப் பாக்கிற மாதிரி பிடிங்க. வலது கை ஆட்டக்காரருக்கு வெளி விளிம்பு உங்க இடது பக்கம் வரும், இடது கை ஆட்டக்காரருக்கு வலது பக்கம். புதுப் பந்தை எதிர்கொள்ற ஓப்பனரோட பேட்ல எட்ஜ் கறை எந்தப் பக்கம் அதிகம்னு பாருங்க. இடது கை ஓப்பனர் பேர்ல விக்கிற பேட்ல கறையெல்லாம் தப்பான பக்கத்துல இருந்தா காரணம் கேளுங்க. இது முடிவான ஆதாரம் இல்ல, ஆனா விக்கிறவர் முகம் மாறுறதைப் பாக்கலாம்.

இதுவரைக்கும் பாத்தது எல்லாம் முதல் ரெண்டு கூற்றுக்குத்தான் உதவும். மூணாவது கூற்று, அதாவது "அந்த இன்னிங்ஸ், இதே பேட்" என்பதை நிரூபிக்க ஒரே ஒரு வழிதான் இருக்கு. தேதி தெரிஞ்ச போட்டோவோட இந்தப் பொருளை ஒப்பிடணும். அமெரிக்காவுல இதுக்கு போட்டோமேட்சிங்னு பேரு, தனி கம்பெனிகளே இருக்கு. ஆனா இதோட ஆகச் சிறந்த உதாரணம் விளையாட்டுல இல்ல, நம்ம தமிழ்நாட்டுக் கோயில் சிலையில இருக்கு.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில்ல இருந்து சோழர் கால நடராஜர் சிலை திருடு போச்சு. 2008-ல ஆஸ்திரேலியாவின் தேசிய கலைக்கூடம் அதை நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர்கிட்ட இருந்து 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கிச்சு. சும்மா வாங்கல, காகிதம் பார்த்துத்தான் வாங்கினாங்க. 1972-ல வந்த தொல்பொருள் சட்டத்துக்கு முன்னாடியே சிலை இந்தியாவை விட்டுப் போயிடுச்சுன்னு காட்டுற ஆவணங்கள் இருந்துச்சு. எல்லாம் போலி. அதை உடைச்சது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தோட போட்டோ காப்பகம். நம்ம ஊர்ல இருந்து செஞ்சி, திண்டிவனம் வழியா பஸ் ஏறினா போய்ச் சேர்ந்துடலாம், அவ்வளவு பக்கம். அந்த நிறுவனம் பல வருஷமா கோயில் கோயிலா போய் சிலைகளைப் படம் பிடிச்சு வெச்சிருந்துச்சு. 1990-கள்ல ஸ்ரீபுரந்தான்ல எடுத்த படத்துல இருந்த நடராஜரும் கான்பெராவுல நின்ன நடராஜரும் ஒண்ணுன்னு தெரிஞ்சது. 1972-க்கு முன்னாடி வெளிநாடு போன சிலை 1990-கள்ல கோயில்ல எப்படி நிக்கும்? 2014 செப்டம்பர்ல ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபோட் அதை டெல்லியில திருப்பிக் கொடுத்தார்.

50 லட்சம் டாலர் வெச்சிருந்த கலைக்கூடத்தையே ஒரு காகிதம் ஏமாத்திடுச்சு. தங்க எழுத்துச் சான்றிதழ் கையில வரும்போது இதை நினைச்சுக்கோங்க. சான்றிதழ்ல பாக்க வேண்டியது ரெண்டே விஷயம்: கையெழுத்துப் போட்டவர் யார், அவருக்கு அது எப்படித் தெரியும்? நம்ம லேப் காலிப்பர்ல ஒட்டியிருக்கிற காலிபிரேஷன் ஸ்டிக்கர் ஏன் மதிப்புள்ளது? அது எந்த உயர் அளவுகோலோட ஒப்பிடப்பட்டது, அந்த அளவுகோல் எதோட ஒப்பிடப்பட்டதுன்னு சங்கிலியா மேல போகலாம். விக்கிறவரே அச்சடிச்ச சான்றிதழ்ல இருந்து மேல போனா திரும்பவும் விக்கிறவர் கிட்டயேதான் வந்து நிப்போம்.

சரி, பேட்ல எதை ஒப்பிடுறது? ஸ்டிக்கரையோ கிரிப்பையோ இல்ல, அதெல்லாம் மாத்தலாம். மரத்தோட ரேகையை மாத்த முடியாது. ரேகை எத்தனைன்னு எண்ணுறது போதாது, எட்டு ரேகை பேட் ஆயிரம் இருக்கும். ரேகைகளுக்கு நடுவுல இருக்கிற இடைவெளி எப்படி மாறுது, எந்த ரேகை எங்க வளையுது, சின்ன முடிச்சு எங்க இருக்கு, பழுப்புக் கறை எந்த ரேகையைத் தொடுது, இதெல்லாம் சேர்ந்துதான் கைரேகை மாதிரி. அடிப்பக்க விரிசல், விளிம்புல பெயர்ந்த சில்லு இதெல்லாம் கூடுதல் சாட்சி.

நல்ல படம் எங்க கிடைக்கும்? அடிக்கிற படத்துல பேட் மங்கலா ஓடும். அம்பதோ நூறோ அடிச்சுட்டு பேட்டைத் தூக்கிக் காட்டுற படத்தைத் தேடுங்க. பேட் அசையாம நிக்கும், பல தடவை முகம் கேமராவைப் பாத்தே இருக்கும். கபில்தேவ் 1983 ஜூன் 18-ல டன்பிரிட்ஜ் வெல்ஸ்ல அடிச்ச 175-க்கு டி.வி. பதிவே கிடையாது என்பது தெரிஞ்ச சோகம். அந்த மாதிரி இன்னிங்ஸ் பேரைச் சொல்லி வர்ற பேட்டுக்கு இந்த வழி ரொம்பக் குறுகிடும்.

ஒப்பிடும்போது ஒரு லாஜிக்கைக் கெட்டியா பிடிச்சுக்கோங்க. தழும்பு கூடும், தானா குறையாது. கையில இருக்கிற பேட்ல இருக்கிற ஒரு தழும்பு படத்துல இல்லேன்னா பரவாயில்ல, படம் எடுத்த அப்புறம் விழுந்திருக்கலாம். ஆனா படத்துல தெளிவா தெரியிற ஒரு பள்ளம் கையில இருக்கிற பேட்ல இல்லேன்னா அது வேற பேட். "தேய்ச்சு பாலிஷ் பண்ணிட்டாங்க"னு பதில் வரும். பண்ணலாம்தான். ஆனா தேய்ச்சா மேல்தோல் போகும், மரத்துக்குள்ள ஓடுற ரேகையோட அமைப்பு போகாது. ரேகையும் பொருந்தலேன்னா கதை முடிஞ்சுது. பத்து பொருத்தம் கண்டுபிடிச்ச சந்தோஷத்துல ஒரே ஒரு பொருந்தாமையைத் தள்ளிவிடுறதுதான் இந்த வேலையில நடக்கிற பெரிய தப்பு. கல்யாணப் பொருத்தம் இல்ல இது, பத்துக்கு எட்டு வந்தா போதும்னு விட.

சமீபத்துல நம்ம ஹாஸ்டல் ஜூனியர் ஒருத்தன் ஒரு பேட்டோட விவரத்தை அனுப்பிக் கேட்டான். பௌர்ணமி தோறும் கிரிவலப் பாதையில விடிய விடிய தண்ணி பாட்டில் கடையில நின்னு ஒன்றரை வருஷம் சேர்த்த பணம் அவன்கிட்ட 32,000 இருந்துச்சு. பேட்டோட விலை 30,000. ஒரு பிளே-ஆஃப் மேட்ச்ல ஆடினதுன்னு விக்கிறவர் சொன்னார். அவர் முன்னாடி வலைப்பயிற்சிக்குப் பந்து போடப் போன பௌலராம், வீரர் தன் கையால கொடுத்தாராம். இது நடக்காத கதை இல்ல. நெட் பௌலருக்கு பேட், ஷூ, கிளவுஸ் கொடுக்கிறது வழக்கம்தான். அதனால நான் "போலி"னு தூக்கிப் போடல.

ரெண்டு பேரும் போய்ப் பாத்தோம். நல்ல இங்கிலீஷ் வில்லோ. விளிம்பு 39 மி.மீ., விதிக்குள்ள. வெள்ளைப் பந்துக் கறை, சிதறிக் கிடந்துச்சு. ஸ்டிக்கர் வருஷத்துக்குச் சரி. கூடவே கீழ்ப்பாதியில பௌலிங் மெஷின் புள்ளிகள் நிறைய. வீரர் பேட்டைத் தோள்ல போட்டுக்கிட்டு அவரோட நிக்கிற செல்ஃபி ஒண்ணு காட்டினார், வலைக்குள்ள எடுத்தது. அந்த செல்ஃபியில பேட்டோட மேல் பகுதி ரேகை தெரிஞ்சுது. பெருசாக்கிப் பாத்தோம். வலது பக்கம் மூணாவது ரேகை ஸ்டிக்கருக்கு மேல லேசா வெளியே வளையும், அதுக்குப் பக்கத்துல ஒரு மிளகு அளவு முடிச்சு. ரெண்டும் கையில இருந்த பேட்ல அப்படியே இருந்துச்சு.

அப்புறம் பிளே-ஆஃப் மேட்ச் படங்களை எடுத்தோம். அம்பது அடிச்சுட்டு பேட் தூக்கின படம் ஒண்ணு நல்லா கிடைச்சுது. அந்த பேட்ல முடிச்சு இருக்க வேண்டிய இடம் சுத்தமா இருந்துச்சு. ரேகையும் நேரா ஓடுச்சு.

ஆக, அந்த வீரருடைய பேட்தான், அவர் கையில இருந்ததுதான், விக்கிறவர் பெரும்பகுதி உண்மையைத்தான் சொன்னார். மேட்ச் மட்டும் பொய், அல்லது அவருக்கே யாரோ அப்படிச் சொல்லியிருக்கலாம். முதல் கூற்று உறுதி, ரெண்டாவது சாத்தியம், மூணாவது இல்ல. அவர் முகத்துக்கு நேரா இதைச் சொல்றது அவ்வளவு சுலபமா இல்ல. அவருக்கும் பணத்தேவை இருந்துச்சு, வீட்டைப் பாத்தாலே தெரிஞ்சுது. ஜூனியர் படத்தைக் காட்டி, "அண்ணே, வீரர் உங்களுக்குக் கொடுத்த பேட்டுக்கு நான் 9,000 தர்றேன், பிளே-ஆஃப் பேட்டுக்கு என்கிட்ட காசு இல்ல"ன்னான். அவர் ரொம்ப நேரம் அந்தப் படத்தையே பாத்துட்டு இருந்தார். 12,000-க்கு முடிஞ்சுது. அந்த செல்ஃபியோட ஒரிஜினல் ஃபைலையும், எந்த வருஷம் எங்க வெச்சு வாங்கினேன்னு அவர் கைப்பட எழுதின ஒரு தாளையும் சேர்த்து வாங்கிக்கிட்டோம். என்னைக் கேட்டா அந்தத் தாள்தான் ஃபிரேம் போட வேண்டியது.

ஏன்னா கைமாற்றுச் சங்கிலின்னா அதுதான். அமெரிக்காவுல பேப் ரூத் 1923-ல யாங்கி ஸ்டேடியம் திறந்த அன்னைக்கு முதல் ஹோம் ரன் அடிச்ச பேட் 2004-ல 12,65,000 டாலருக்குப் போச்சு. அதுக்கு எப்படி அவ்வளவு நம்பிக்கை? லாஸ் ஏஞ்சலஸ் பள்ளிப் பசங்களுக்கு நடந்த ஒரு ஹோம் ரன் போட்டிக்கு ரூத்தே அதைப் பரிசாக் கொடுத்தார், ஜெயிச்ச பையனுக்குன்னு பேட் மேலேயே எழுதிக் கொடுத்தார். யார்கிட்ட இருந்து யாருக்கு, எதுக்காக என்பது பொருள் மேலயே இருந்துச்சு.

உங்ககிட்ட இப்பவே ஏதாவது பேட் இருக்கலாம். மண்டல அளவு ஆடினப்ப கோச் கொடுத்தது, மாமா ரஞ்சி வலையில பந்து போட்டப்ப வாங்கி வந்தது, எதுவா இருந்தாலும் சரி. இந்த வாரமே ஒரு ஞாயித்துக்கிழமை காலை வெயில்ல அதை வெளியே எடுங்க. முகம், முதுகு, ரெண்டு விளிம்பு, அடிப்பாகம், கைப்பிடி உச்சி, ஆறு படம், பக்கத்துல ஒரு ஸ்கேல் வெச்சு. கிரிப்பை மாத்தாதீங்க, எண்ணெய் பூசாதீங்க, கறையைத் துடைக்காதீங்க, ஸ்டிக்கர் உரியிற மாதிரி இருந்தாலும் ஃபெவிகால் பக்கம் போகாதீங்க. எடையையும் அளவுகளையும் குறிச்சுக்கோங்க. கொடுத்தவர் இருக்கும்போதே அவர் கையால ரெண்டு வரி எழுதி தேதி போட்டு வாங்குங்க. மாமாவுக்கு வருஷம் சரியா ஞாபகம் இல்லேன்னா "சுமார்"னே எழுதட்டும், நீங்களா ஒரு வருஷத்தைப் போடாதீங்க.